காலனியில் செய்த ஒலிப்பெட்டி

2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கியைப் பொருத்தி அறிவியுங்கள் என்பது அதன் சாரம். நாளிதழ்களில் ஒரு நாள் வந்து மறைந்த செய்திதான். வெயிலில் தெருத்தெருவாக நடந்து, முனைக்கு முனை நின்று பறையடித்துச் சேதி சொன்ன கைகள் எந்தத் தெருவைச் சேர்ந்தவை என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கைகளுக்கு ஓய்வு கொடுத்த கடிதம் அது.

பறையின் இடத்தில் ஒலிபெருக்கி வரட்டும் என்று அரசு சொல்லிவிட்டது. ஒலிபெருக்கி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

நம் பகுதிக் கிராமங்களில் சவுண்ட் சர்வீஸ் என்றால் பெரும்பாலும் ஊர்த் தெருவில் ஒரு கடை. கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுதல், சாவு எதுவானாலும் அங்கே போய்த்தான் சொல்ல வேண்டும். காலனியிலிருந்து கேட்கப் போன பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பதில்கள் நமக்கு மனப்பாடம். "அன்னிக்கு வேற புக்கிங் இருக்குப்பா." "ஒம்பது மணிக்கெல்லாம் கழட்டிடுவோம்." "அந்தப் பாட்டெல்லாம் நம்ம செட்டுல போட முடியாது." இந்த மூன்றாவது பதிலுக்காகவே நம் பிள்ளைகள் பலகையும் ரம்பமும் எடுத்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. ஏப்ரல் 14 நெருங்கும்போது காலனிகளுக்குள் போய்ப் பாருங்கள். சமுதாயக் கூடத்துத் தாழ்வாரத்திலோ வேப்பமரத்தடியிலோ பிளைவுட் அறுக்கும் சத்தம் கேட்கும். பெவிகால் வாடை அடிக்கும். ஐ.டி.ஐ.யில் தச்சு படித்தவன் ஒருவன், எலக்ட்ரீசியன் படித்தவன் ஒருவன், சென்னையில் மேடை அமைப்புக்குக் கூலிக்குப் போய்க் கற்றுக்கொண்டவன் ஒருவன். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு பேஸ் பாக்ஸ் எழுந்துவிடுகிறது.

இதை விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று நம் பெரியவர்களே சிலர் ஒதுக்குகிறார்கள். அப்படி ஒதுக்கிவிட முடியாது. தொல்காப்பியம் திணைகளுக்கு உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது பறையையும் அவற்றில் ஒன்றாக வைக்கிறது. எல்லா நிலத்துக்கும் பொதுவாக இருந்த கருவி, பின்னால் ஒரு தெருவோடு கட்டப்பட்டது. சாவு வீட்டு வாசலோடு முடிச்சுப் போடப்பட்டது. நாம் எழுப்பிய ஒலி அத்தனையும் பிறர் கட்டளைக்கு எழுப்பிய ஒலியாக இருந்தது. இன்று பறையை மேடையில் விரும்பி அடிக்கிறோம், மகிழ்ச்சி. அடிக்கும் உரிமை வேறு, அடித்தே தீர வேண்டிய கட்டாயம் வேறு. காலனிப் பிள்ளைகள் தம் கையால் பெட்டி செய்து, தம் பாட்டைத் தாம் விரும்பும் நேரத்தில் போடுவது முதல் வகையைச் சேர்ந்தது.

கடல் கடந்தும் இது நடந்திருக்கிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1940களின் கடைசியில் கறுப்பின ஏழை மக்களுக்கு மேல்தட்டு விடுதிகளில் இடமில்லை. அவர்கள் தெருவிலேயே ஒலி அமைப்புகளை உருவாக்கிக்கொண்டார்கள். ஹெட்லி ஜோன்ஸ் என்ற கைவினைஞர் ஆம்ப்ளிஃபையர்களைத் தாமே கட்டினார். உள்ளூர்த் தச்சர்கள் துணி பீரோ அளவுக்குப் பெட்டிகள் செய்தார்கள். 'ஆனந்த இல்லம்' என்று பொருள்படும் பெயரை மக்கள் அந்தப் பெட்டிகளுக்கு வைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் கேட்கும் ரெக்கே இசை அந்தப் பெட்டிகளின் வழியாக வளர்ந்ததுதான்.

இனி பெட்டிக்குள் போவோம். மாணவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஸ்பீக்கரை வெறுமனே தரையில் வைத்துப் பாட்டுப் போட்டால் பேஸ் கேட்காது. கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டையும் பிரிக்கத்தான் பெட்டி. முழுக்க மூடிய பெட்டி ஒரு வகை. காற்று வாய் வைத்த பெட்டி இன்னொரு வகை, நம் பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் இதுதான். காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒரு சுரம் வருகிறதல்லவா, அந்தக் காற்று வாயின் வேலையும் அதேதான். பெட்டியின் கொள்ளளவு, வாயின் பரப்பு, குழாயின் நீளம் மூன்றும் சேர்ந்து அந்தச் சுரத்தை முடிவு செய்கின்றன. குழாய் நீண்டால் சுரம் இறங்கும், வாய் அகன்றால் ஏறும்.

இங்கேதான் நம் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு. கடையில் பார்த்த கம்பெனிப் பெட்டியின் வெளி அளவை டேப் வைத்து எடுத்துவந்து அப்படியே அறுப்பார்கள். உள்ளே போடுவது வேறு கம்பெனி ஸ்பீக்கராக இருக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தன் இயல்பான அதிர்வெண், அதிர்ந்த பின் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்ற கணக்கு, அதன் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு என்று மூன்று முக்கிய எண்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் தொடங்கி வைத்த இந்தக் கணக்கை ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் விரிவாக்கினார். தரமான ஸ்பீக்கரோடு வரும் தாளில் எஃப்எஸ், க்யூடிஎஸ், விஏஎஸ் என்று இருக்கும். அந்தத் தாளைக் குப்பையில் போட்டுவிட்டுப் பெட்டி செய்வது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது போல. 'வின் ஐஎஸ்டி' என்ற இலவச மென்பொருளில் இந்த மூன்று எண்களையும் போட்டால் எத்தனை லிட்டர் பெட்டி, எந்த அளவு குழாய் என்று காட்டிவிடும். கல்லூரி மாணவர்கள் தம் தெருப் பட்டறைக்குச் செய்து தரக்கூடிய உதவி இது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எட்டுக்கு நாலடி பிளைவுட் ஒன்றில் 60 சென்டிமீட்டர் சதுரமாக எட்டுத் துண்டுகள் கிடைக்கும். ஆறு துண்டில் ஒரு பெட்டி, மீதி இரண்டு உள்ளே குறுக்குக் கட்டைக்கு. 18 மில்லிமீட்டர் பலகை என்றால் உள் அளவு பக்கத்துக்கு 56.4 சென்டிமீட்டர், கொள்ளளவு ஏறக்குறைய 179 லிட்டர். ஸ்பீக்கரும் குழாயும் குறுக்குக் கட்டையும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 160 லிட்டர் தேறும். 18 அங்குல ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு இது பொருந்தி வரும் அளவுதான். குறுக்குக் கட்டை வைக்காத பெட்டியில் ஸ்பீக்கரோடு சேர்ந்து பலகையும் ஆடும். சக்தி அங்கேயே வீணாகும். மூட்டுகளில் பசை விட்டுப்போன இடத்தில் காற்று சீறும். எம்டிஎஃப் பலகை மலிவு, அறுக்கவும் சுலபம். ஆனால் ஒரு ஆடி மழையில் நனைந்தால் ஊதிப்போகும். ஊர் ஊராகக் குட்டியானையில் ஏற்றி இறக்கும் பெட்டிக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் போட்டால் செலவு கூடினாலும் பல வருடம் உழைக்கும்.

செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு. ஒன்பது வோல்ட் பேட்டரியை ஒயரில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், எல்லாப் பெட்டியிலும் கோன் ஒரே பக்கம் நகர வேண்டும். ஒன்று மட்டும் மாறி நகர்ந்தால் ஒயர் மாறியிருக்கிறது, இரண்டு பெட்டியும் ஒன்றன் பேஸை ஒன்று தின்றுகொண்டிருக்கும். இது தெரியாமல் "பேஸ் பத்தல" என்று இன்னொரு ஆம்ப் வாங்கிக் கடனாளி ஆனவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆம்பின் வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். ஒழுங்காகச் செய்த இரண்டு பேஸ் பெட்டிகளை இரண்டு மூலையில் பிரித்து வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதே அளவு வாட் கொடுத்தால் ஒரு பெட்டியைவிட 6 டெசிபல் வரை கூடும்.

டெசிபலுக்கு வந்துவிட்டோம். சட்டமும் அங்கேதான் நிற்கிறது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அளவு. காலை 6 முதல் இரவு 10 வரை பகல். பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 10 டெசிபல் வரை, அல்லது 75 வரை, இரண்டில் எது குறைவோ அதுவரை போகலாம். குடியிருப்பில் பகல் என்றால் 65. எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் கூடாது. ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மட்டும் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். உச்ச நீதிமன்றம் 2005இல் இந்தத் தளர்வை ஏற்றுக்கொண்டது.

இப்போது நம் பெட்டியை இந்த விதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கர் சந்தையில் சாதாரணம். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 32 மீட்டர் தள்ளி அது 67 ஆகிறது. அதாவது ஒரே ஒரு வாட்டில், தெருக்கோடியில், சட்ட அளவு தாண்டிவிட்டது. நூறு வாட் கொடுத்தால் அதே இடத்தில் 87. நம் திருவிழாக்களில் ஓடுவது ஆயிரக்கணக்கான வாட்.

இதற்கு என்ன பொருள்? காலனிக் கூத்து, ஊர்த் தெரு கோயில் கொடை, கட்சி மாநாடு, பிள்ளையார் ஊர்வலம் எல்லாம் இந்த விதியை மீறித்தான் நடக்கின்றன. எல்லாரும் மீறும் ஒரு விதி இருந்தால், யார்மேல் வழக்குப் போடுவது என்பதை விதி முடிவு செய்யாது, கையில் லத்தி வைத்திருப்பவர் முடிவு செய்வார். ஊர்த் தெருவில் விடிய விடிய வள்ளித் திருமணம் நடக்கும், பந்தோபஸ்துக்குக் காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். காலனியில் பத்தே காலுக்கு ஜீப் வந்து ஆம்பைத் தூக்கிப் போகும். சட்டம் ஒழுங்கு என்று காரணம் எழுதப்படும். ஊர்வலம் ஊர்த் தெரு வழியாகப் போகும்போது மட்டும் பாட்டை நிறுத்தச் சொல்வது எழுதப்படாத இன்னொரு விதி.

பாட்டுக்குள் இருக்கும் பெயர்தான் பிரச்சினை என்பதற்கு மராட்டியத்தில் ரத்த சாட்சி இருக்கிறது. 2015 மே மாதம் ஷிர்டியில் ஒரு தலித் மாணவர் கொல்லப்பட்டார். கைப்பேசியில் அம்பேத்கர் பாட்டை ரிங்டோனாக வைத்திருந்ததில் தொடங்கிய தகராறு என்று வழக்கு பதிவானது. ரிங்டோனுக்கு எத்தனை டெசிபல் இருக்கும்?

நாடாளுமன்றம் இதற்குச் சட்டம் செய்யாமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதியினர் சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலம் நடத்துவதையோ அதில் பங்கேற்பதையோ தடுப்பது அதன்படி குற்றம். பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம்; சேவை மறுப்பதும், சேவை செய்து சம்பாதிக்கும் வாய்ப்பை மறுப்பதும் அந்தப் புறக்கணிப்பின் விளக்கத்திலேயே வருகின்றன. ஊர்க்கூட்டம் போட்டு "காலனிக்கு மைக்செட் கொடுக்காதே" என்று சொன்னாலும், "காலனிக்காரன் செட்டை எடுக்காதே" என்று சொன்னாலும் இது பொருந்தும். இதற்கெல்லாம் முன்பே, 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் பொருள் விற்க மறுப்பதையும் சேவை மறுப்பதையும் தண்டனைக்குரியதாக்கிவிட்டது. எழுபது ஆண்டுப் பழைய பிரிவு. வாடகைக் கடைக்காரர்கள் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக, இன்னும் எட்டுப் பெட்டி அடுக்குவோம் என்று கிளம்பும் தம்பிகளோடு நாம் உடன்படவில்லை. பக்கத்துக் காலனி நாலு பெட்டி வைத்தால் நாம் எட்டு என்ற போட்டி நம் கூலிப் பணத்தைத் தின்கிறது. தின்பது பணத்தை மட்டுமல்ல. அமெரிக்கத் தொழில்நலத் துறையின் அளவுகோலில் 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். பெட்டிக்குப் பின்னால் இரவு முழுக்க ஆம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும், பெட்டி முன்னால் ஆடும் பத்து வயதுக் குழந்தைக்கும் இந்தக் கணக்கை யார் சொல்வது? முப்பது வயதில் "என்ன சொன்னீங்க?" என்று இரண்டு தடவை கேட்கும் சவுண்ட் ஆபரேட்டர்கள் நமக்குள் இருக்கிறார்கள். காதில் செருகும் பஞ்சு அடைப்பான் ஒரு டீ விலைக்குக் கிடைக்கிறது.

மின்சாரம் அதைவிடக் கொடியது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். வண்டிமேல் மூன்று அடுக்குப் பெட்டி, அதன்மேல் விளக்குக் கம்பம், அதன்மேல் கொடி பிடித்து ஒரு பையன் என்று நம் ஊர்வலங்கள் போகும்போது நெஞ்சு பதறுகிறது. காலனிகளுக்குள் கம்பி தாழ்ந்து தொங்குவது ஊரறிந்த விஷயம். ஊர்வலத்துக்கு முந்தின நாள் பாதை முழுக்க நடந்து, தாழ்ந்த கம்பி எங்கே என்று குறித்து, அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி மின்வாரிய அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடிக்காமல் ஸ்விட்சைப் போடக் கூடாது. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் பிரேக்கர் ஒன்று இருந்தால் உயிர் தப்பும்.

தொழில் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். பெட்டி செய்யும் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கிடையாது, கடை கிடையாது, ஜிஎஸ்டி எண் கிடையாது. காலனி விழாவுக்கு ஓசியில் போட்டுக்கொடுத்துவிட்டு மறுநாள் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கும் சேவைத் தொழிலுக்கும் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் மனு போடலாம். மரம் அறுக்கும் எந்திரம், ரூட்டர், ஆம்ப், மிக்சர், வண்டி என்று திட்ட அறிக்கையில் எழுதினால் அது முறையான தொழில்தான். வங்கி மேலாளர் "மைக்செட்டுக்கெல்லாம் லோனா?" என்று சிரிக்கக்கூடும். தண்டோராவுக்குப் பதில் ஒலிபெருக்கி வாகனம் வை என்று அரசே சொல்லியிருக்கிறதே, அந்த வாகனத்தை ஊராட்சிக்கு வாடகைக்கு விடப்போவது யார் என்று அவரிடம் கேளுங்கள். ஊராட்சித் தலைவரிடமும் கேளுங்கள்.

சமத்துவ நாள் என்று 2022 முதல் அரசே கொண்டாடும் ஏப்ரல் 14, நள்ளிரவு வரை தளர்வு தரும் அந்தப் 15 நாள்களின் பட்டியலில் இருக்கிறதா என்று ஆட்சியரிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட வேண்டும். நம் மாவட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை ஒலிபெருக்கிகள் பறிமுதல் ஆயின, எந்தெந்தத் தெருவில், பிடிக்கும்போது டெசிபல் மீட்டரில் என்ன அளவு காட்டியது என்ற கேள்விகளையும் அதே மனுவில் சேர்க்கலாம். மீட்டர் வைத்துப் பார்க்காமல் "சத்தம் அதிகம்" என்று எழுதிய பறிமுதல் எத்தனை என்பது அப்போது தெரிந்துவிடும்.

விழாக் குழுத் தம்பிகளுக்கு: அனுமதி மனுவை நிலையத்தில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். விதிப்படி அனுமதி தரும் அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவர். மனுவை அவர் பெயருக்கு எழுதி, நாள், நேரம், ஊர்வலம் போகும் தெருக்கள், பெட்டிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். கூம்பு வடிவக் குழாய் இல்லை, பெட்டி வடிவம் மட்டும் என்பதையும் எழுதுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பொருளை எடுத்துப் போனால் வரிசை எண்ணோடு ரசீது கேளுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவில், பழைய சட்டத்தில் 457, நீதித்துறை நடுவரிடம் மனு செய்து திரும்பப் பெறலாம். நீங்களே செய்த பெட்டிக்குக் கடை பில் இருக்காது. பலகை, ஸ்பீக்கர் வாங்கிய ரசீதுகளை வையுங்கள். பெட்டியின் உள்பக்கப் பலகையில், காற்று வாய் வழியாகப் பார்த்தால் தெரியும் இடத்தில், பெயரையும் செய்த தேதியையும் அழியாத மையில் எழுதி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.